காசுத் தொகுதிக்கு அடைவு அமைத்தலும் மென்பொருள் தேர்தலும்

1. முன்னுரை

பண்டைத் தமிழக வரலாற்றை அறிதற்குத் துணைபுரியும் சான்றுகள் இலக்கியம், கல்வெட்டு, அகழாய்வுப் பொருள், அயல்நாட்டார் குறிப்பு, காசு எனப் பலதிறப்படும். இவற்றுள் காசு அளவால் சிறியது. ஆயினும் தகுதியால் சிறியதன்று. ஏடு பெயர்த்து எழுதுவோர் கைப்படும் பிழை அதன்கண் நுழைதற்கு இடமில்லை. அரசன் வாழ்ந்த காலத்திலேயே அவன் பெயரும் சின்னமும் உலோகத்திற் பதிந்து நம் கைக்கு வந்து சேர்கின்றன. இத்தகு சான்று முறையாகப் பதியப்பெற்றவழியே ஆய்வுக்குப் பயன்படும். பதிவில்லாத காசு, ஊரும் பேரும் அறியப்படாத ஒற்றை ஏட்டைப் போல்வது.

இக்காலத்துக் காசடைவு கணிப்பொறியின்கண் அமைக்கப்படுகின்றது. அதற்கென எழுந்த மென்பொருள்களும் பல. இவற்றுள் எதனைக் கொள்வது என்னும் வினாவைக் கணிப்பொறித் துறையினர்க்கே உரியதென விட்டுவிடும் வழக்கம் நம்மிடை உண்டு. அவ்வழக்கம் பொருந்தாது என்பது எம் கருத்து. காசின் பொறிப்பும் ஒரு மூலபாடமே. அதனைப் படித்தலும் பொருள் கோடலும் தமிழாய்வாளர் கடமை. அப்படிப்பு எவ்வாறு பதியப்படும் என்பதை மென்பொருள் அறுதியிடுகின்றது ஆதலின், மென்பொருளைத் தேர்தலும் அவர் கடமையே ஆகும். அத்தேர்வுக்குரிய நெறிகளை ஈண்டு முறையே ஆராய்வாம்.

2. வகையும் தனிக்காசும்

அடைவு அமைப்பார் முதற்கண் உணரவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. வகை என்பது வேறு. தனிக்காசு என்பது வேறு. ஒரு நூலும் அந்நூலின் பல சுவடிகளும் எவ்வாறு வேறோ அவ்வாறே இவையும் வேறாம். முன்புறத்தில் இன்ன உருவும் பொறிப்பும், பின்புறத்தில் இன்ன சின்னமும் உடையது என்பது வகை. அவ்வகையைச் சார்ந்து, இன்ன எடையுடன், இன்ன தேய்வுடன், இன்ன ஊரிற் கிடைத்து, நம் பேழையில் இன்ன எண்ணுடன் இருப்பது தனிக்காசு.

உரோமப் பேரரசின் காசுகட்கு 1923-இல் முதல் தொகுதி வெளிவந்த பெருந்தொகுப்பு நூல் வகைகளை எண்ணிட்டு வகுத்தது. பல நாட்டு அருங்காட்சியகங்களும் தத்தம் காசுகளை அவ்வெண்களோடு பொருத்தியே குறிக்கின்றன. அமெரிக்க நாணயவியல் கழகத்தார் பிறருடன் கூடி இணையத்தில் அமைத்த 'ஓக்ரே' என்னும் அடைவும் அவ்வெண்களையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு வகையைத் தேடுவார்க்குப் பல நாட்டிலும் உள்ள தனிக்காசுகள் ஒருங்கே தோன்றுதல் இதன் பயன்.

இரண்டனையும் ஒரே பதிவிற் கலந்து வைக்கும் மென்பொருளில், ஒருவகைக் காசு நாற்பது இருப்பின் ஒரே வருணனையை நாற்பது முறை எழுதல் வேண்டும். பின்னர்ப் படிப்பு ஒன்றைத் திருத்த நேரின் நாற்பது இடத்தும் திருத்தல் வேண்டும், சில விடுபடும், ஒரே வகை இரு வகையாகத் தோற்றும். ஆதலின் வகைக்கு ஒரு பட்டியலும் தனிக்காசுக்கு ஒரு பட்டியலும் வெவ்வேறாக நின்று, எண்ணால் இணைக்கப்படுதல் முதல் நெறி.

3. பொறிப்பு, படிப்பு, அடையாளம்

இரண்டாம் நெறி தமிழாய்வுக்கு இன்றியமையாதது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

பெருவழுதி என்னும் பெயர் தமிழ்பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சதுரச் செப்புக் காசினை இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு வெளியிட்டார். அதன் முன்புறம் குதிரை உருவும் பெயரும் உள. பின்புறம் மீனின் கோட்டுருவம் உளது. சங்ககாலத் தமிழ்க் காசுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நூல் 1997-இல் வெளிவந்தது. பெயரும் மீனும் சேர்ந்து இக்காசு பாண்டியர்க்கு உரியதெனக் காட்டுகின்றன. இதுகாறும் ஐயம் இன்று.

இனி, அப்பெருவழுதி யாவன்? சங்க இலக்கியத்தாலும் அதன் குறிப்புகளாலும் நாம் அறியும் பெருவழுதியர் பலர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கானப்பேர் எயில் கடந்த உக்கிரப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி எனப் பெயர்கள் நிற்கின்றன. காசில் உள்ளது பெருவழுதி என்னும் சொல் மட்டுமே. அடை யாதும் இல்லை.

விற்பனைக்குரிய மென்பொருள்கள் பலவற்றில் 'அரசன்' என்று ஒரே கட்டம் இருக்கும். அதில் ஒரு பெயரை இட்டாலன்றி அடுத்த பக்கம் செல்லவிடாத மென்பொருள்களும் உள. பதிவாளர் தமக்கு உடன்பாடான பெயரை அக்கட்டத்தில் இடுகின்றார். சில ஆண்டு கழித்து, சங்கப் பாடலின் காலத்தை ஆராயும் மாணவர் ஒருவர் அவ்வடைவை நோக்கி, 'முதுகுடுமியின் காசு கிடைத்துள்ளது. அதன் எழுத்தமைதி இன்ன நூற்றாண்டினது. ஆகவே அவனைப் பாடிய பாட்டும் அந்நூற்றாண்டினது' என முடிபு செய்கின்றார். ஆனால் காசினை முதுகுடுமிக்கு உரியதாக்கியதோ இலக்கியத்தைக் கொண்டே. இலக்கியத்தால் காசுக்குப் பெயரும், அக்காசால் இலக்கியத்துக்குக் காலமும் கொள்வது ஒன்றையொன்று பற்றி நிற்கும் குற்றமாகும். இக்குற்றத்திற்கு மாணவரின் அறியாமை காரணமன்று. கருத்தையும் காட்சியையும் ஒரே கட்டத்துள் அடைத்த அடைவே காரணம்.

மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகட்கும் இது பொருந்தும். புறநானூற்றின் குறிப்புகளில் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையும் குட்டுவன் கோதையும் வருகின்றனர். பெயர் ஒன்றாயிருத்தல் ஆள் ஒன்றாதற்குச் சிறந்த குறிப்பே; ஆயினும் முடிந்த சான்றன்று.

ஆதலின், நல்ல மென்பொருள் மூன்று நிலைகளைத் தனித்தனியே பதிய இடந்தருதல் வேண்டும். முதலாவது, காசில் கண்ணுக்குப் புலனாகும் எழுத்துகள். இரண்டாவது, அவற்றைச் சொல்லாகக் கூட்டிய படிப்பு. மூன்றாவது, அச்சொல் குறிக்கும் ஆள் இன்னான் என்னும் அடையாளம். பின்னிரண்டும் கருத்தாகலின், ஒவ்வொன்றற்கும் அதனைக் கூறினார் பெயரும் ஆண்டும் உடன் நிற்றல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகளை அடுக்கிவைக்கவும் இயலவேண்டும். புதிய படிப்பு வந்தவழிப் பழையது அழியாது நிற்றல் வேண்டும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டிப் பதிப்பித்த நம் பதிப்பாசிரியர் மரபே இந்நெறிக்கு முன்மாதிரியாகும்.

4. எழுத்தும் மொழியும்

எழுத்து வேறு, மொழி வேறு என்பதை அடைவு உணர்த்தவேண்டும். முதலாம் இராசராசன் காசுகளில் அவன் பெயர் நாகரி எழுத்தில் உளது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் சேது என்னும் சொல் தமிழெழுத்தில் உளது. சாதவாகனர் வெளியிட்ட, அரசன் தலையுருப் பொறித்த வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழியொன்றும் பிராமி எழுத்துவகையில் உள. அத்திராவிட மொழி தமிழே என்பாரும், தெலுங்கின் தொன்னிலை என்பாரும் உளர். ஆகவே ஒவ்வொரு புறத்துக்கும் எழுத்து, மொழி என்னும் இரு புலங்கள் வேண்டப்படும். மொழி பற்றிய முடிபும் கருத்தாகவே பதியப்படல் வேண்டும்.

தமிழ்பிராமியின் இயல்பு இதனினும் நுட்பமானது. ஐராவதம் மகாதேவன் வகுத்தபடி, முதல் முறையில் எழுத்தின்மேல் இடும் கோடு அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொது. இரண்டாம் முறையில் கோடு ஆகாரத்துக்கே உரியது, கோடற்ற வடிவம் மெய்யாகவும் அகரமேறிய மெய்யாகவும் நிற்கும். மூன்றாம் முறையிலேயே தொல்காப்பியம் கூறும் புள்ளி மெய்யைத் தெளிவாக்கும். எனவே ஒரே வடிவம் முறைக்கேற்பக் குறிலாகவும் நெடிலாகவும் மெய்யாகவும் படிக்கப்படும். பதிவாளர் தம் படிப்பை மட்டும் இக்காலத் தமிழெழுத்தில் எழுதிவிடின், காசில் கோடு இருந்ததா, புள்ளி இருந்ததா என்பது பின்வருவார்க்குப் புலனாகாது.

இக்குறையைத் தீர்க்க ஒருங்குறி இன்று துணைசெய்கின்றது. அதன்கண் தமிழ் 1991 முதலே இடம்பெற்றது. பிராமி 2010-இலும், கிரந்தம் 2014-இலும், தமிழ்ப் பின்னக் குறிகளும் பிற வழக்குக் குறிகளும் 2019-இலும், பழந்தமிழுக்கு உரிய புள்ளியும் எகர ஒகரக் குறில்களும் 2021-இலும் சேர்க்கப்பட்டன. தமிழெழுத்தை ஏற்கும் மென்பொருள் பிராமியையும் ஏற்கும் எனக் கருதல் கூடாது. பிராமி ஒருங்குறியின் மேல்நிலைத் தளத்தில் உள்ளதாகலின், பழைய முறையில் அமைந்த தரவுத்தளங்கள் சில அவ்வெழுத்தைப் பதியாமல் விடும், அன்றி வினாக்குறியாக மாற்றிவிடும்.

தேடலிலும் வரிசையிலும் வேறு இடர்கள் உள. 'கோதை' என்பதன் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணிப்பொறிக்கு வேறு. இவற்றை ஒன்றாக்கி நோக்கும் முறை இல்லாத மென்பொருளில், மாக்கோதைக் காசு பேழையில் இருந்தும் தேடுவார்க்கு அகப்படாது. அவ்வாறே, ஒருங்குறி எண்வரிசையையே அகரவரிசையாகக் கொள்ளும் மென்பொருள் னகரத்தைப் பகரத்தின்முன் நிறுத்தும். நம் நெடுங்கணக்கிலோ அது மெய்யெழுத்துகளின் இறுதியில் நிற்பது.

5. வடிவம், அளவு, காலம்

காசு திரட்டுவோர்க்கென எழுந்த மென்பொருள்கள் பெரும்பாலும் இக்கால நாணயத்தை எண்ணி அமைந்தவை. நாடு, ஆண்டு, மதிப்பு, தேய்வுநிலை, சந்தை விலை என்பனவே அவற்றின் முதன்மைப் புலங்கள். சங்ககாலக் காசுக்கு ஆண்டுப் பொறிப்பு இல்லை. மதிப்புப் பெயரும் பொறிக்கப்படவில்லை. நாடு என்னும் கட்டத்தில் இக்கால அரசின் பெயரை இடுவதால் பயனில்லை. அக்காசுகள் பல சதுரமும் நீள்சதுரமும் ஆகலின், விட்டம் என்னும் ஒரே அளவு போதாது. நீள அகலங்கள் இரண்டும் வேண்டும். எடையைக் கிராமில் இரு தசம இடம்வரை குறித்தலும், முன்புற உருவுக்கும் பின்புற உருவுக்கும் இடைப்பட்ட திருப்பத்தைக் கடிகார மணிக்கணக்கிற் குறித்தலும் நாணயவியலார் மரபு.

காலத்தை ஓர் ஆண்டாகக் கொள்ளாது, தொடக்கமும் இறுதியும் உடைய வரம்பாகக் கொள்ளல் வேண்டும். கி.மு. ஆண்டுகளை எதிர்மறை எண்ணாக இடுவதிலும் வேறுபாடு உண்டு. வரலாற்று வழக்கில் கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, சுழியாண்டு இல்லை. கணிப்பொறிகள் பின்பற்றும் பன்னாட்டுத் தரத்திலோ சுழியாண்டே கி.மு. 1 ஆகும். இரண்டனுள் எதனை மென்பொருள் கொள்கின்றது என்று அறியாது பதியின் ஓராண்டு பிறழும்.

காசு வெளிப்பட்ட பின்னர் அதன்மேல் நிகழ்ந்தனவும் பதிதற்குரியன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த உரோமப் பொற்காசுகளுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின்மேல் வெட்டுத் தழும்பு உளது. தேய்வுநிலை என்னும் கட்டத்தில் 'பழுது' என எழுதி ஒழியின், அயல்நாட்டுக் காசு இங்கு எவ்வாறு வழங்கிற்று என்பதற்குரிய அரிய சான்று மறையும்.

6. கிடைத்த இடமும் வந்த வழியும்

காசின் உயிர் அது கிடைத்த இடத்தின்கண் உள்ளது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிற் கிடைத்த காசும், வணிகர் ஒருவரிடம் ஊர் அறியாது வாங்கிய காசும் வகையால் ஒன்றாயினும் சான்றால் ஒன்றல்ல. ஆகவே, அகழாய்விற் கிடைத்தது, புதையலிற் கிடைத்தது, மேற்பரப்பிற் கிடைத்தது, வணிகர் கூற்று, அறியப்படாதது என்னும் வேறுபாட்டை மென்பொருள் காட்டவேண்டும். ஒரு புதையலின் காசுகள் பல இடங்களிற் பிரிந்து கிடப்பினும் அவற்றை ஒரு தொகுதியாக இணைக்கும் வழியும் இருத்தல் வேண்டும்.

இதனுடன் சட்டமும் தொடர்புடையது. இந்தியப் புதையற் சட்டம் 1878-இலும், தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972-இலும் எழுந்தன. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு பின்னதன்படி தொல்பொருளாகும். எனவே காசு துறைக்கு வந்த வழியைக் காட்டும் ஆவணத்தின் படிமமும் பதிவோடு சேர்தல் நன்று. கிடைத்த இடத்தின் நுண்ணிய அளவைப் பொதுமக்கள் காணும் பக்கத்தில் வெளியிடுதல் திருட்டுத் தோண்டலுக்கு வழிகாட்டும். ஆய்வாளர்க்கு ஒன்றும் பொதுவார்க்கு ஒன்றுமாகப் புலங்களை மறைக்கவும் காட்டவும் வல்ல மென்பொருளே கொள்ளத்தக்கது.

7. மென்பொருள் வகைகள்

இந்நெறிகளைக் கொண்டு இன்று கிடைக்கும் மென்பொருள்களை நால்வகைப்படுத்தி நோக்குவாம்.

முதல்வகை, எக்ஸ்செல், லிப்ரே ஆபிசு கால்க் போன்ற விரிதாள்கள். எவர்க்கும் எளியவை. ஆயினும் '5-12' என்னும் பேழையெண்ணை நாளாக மாற்றுதலும், '0047' என்பதன் முன்னுள்ள சுழிகளை நீக்குதலும் இவற்றின் இயல்பு. அப்புலங்களை முன்னரே எழுத்துப் புலமாக அறிவித்தல் வேண்டும். வகைக்கும் தனிக்காசுக்கும் படிப்புக்கும் தனித்தாள் வகுத்துப் பொது எண்ணால் இணைப்பின், சிறு தொகுதிக்கு இவை போதும்.

இரண்டாம் வகை, காசுக்கென்றே அமைந்த தனியாள் மென்பொருள்கள். இவற்றுள் 'ஓப்பன் நியூமிசுமேட்டு' விலையின்றிக் கிடைப்பது, திறமூலம் உடையது, தொகுதி முழுவதையும் எசுகியூலைட்டு வடிவிலான ஒரே கோப்பிற் சேமிப்பது. அவ்வடிவம் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தரவுகளை நெடுங்காலம் காத்தற்குப் பரிந்துரைத்தவற்றுள் ஒன்று. படத்துடன் பதிவதற்கு இம்மென்பொருள் எளிது. எனினும் காசு ஒன்றற்குப் பதிவு ஒன்று என்பதே அதன் அமைப்பு. பல படிப்புகளை அடுக்குதற்கு வேறு வழி தேடல் வேண்டும்.

மூன்றாம் வகை, அருங்காட்சியகங்கட்கு உரியவை. 'கலெக்டிவ் ஆக்சஸ்' என்பது திறமூல மென்பொருள். புலங்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். ஒரு புலத்தைப் பலமுறை அடுக்கலாம். பதிவார்க்கு ஒரு பகுதியும் காண்பார்க்கு ஒரு பகுதியுமாக அமைந்தது. அதனை நிறுவவும் பேணவும் வழங்கியும் பயிற்சியுடையாரும் வேண்டும்.

நான்காம் வகை, வெளியீட்டிற்கு உரியவை. அமெரிக்க நாணயவியல் கழகத்தாரின் 'நியூமிசேர்' திறமூலமானது; காசுப் பதிவுக்கென வகுத்த குறிமொழியைக் கையாள்வது; 'நோமிசுமா' என்னும் பொதுச் சொல்லடைவோடு இணைவது. நம் காசு உலகத்தார் தேடலில் தோன்றுதற்கு இஃது ஏற்றது. அன்றாடப் பதிவுக்கு மிகை.

எவ்வகையாயினும் ஒரு நெறி விலக்கின்றிக் கொள்ளத்தக்கது. உட்புகுத்திய அனைத்தையும், படத்தின் பெயரும் இணைப்பெண்ணும் உட்பட, பொது வடிவில் வெளியே எடுக்க இயலாத மென்பொருளை எத்துணைச் சிறப்புடையதாயினும் கொள்ளலாகாது. மென்பொருளின் வாழ்நாள் சிறிது. காசின் வாழ்நாள் ஈராயிரம் ஆண்டைக் கடந்தது. விற்றவர் தொழிலை நிறுத்திய பின்னரும் அடைவு நிற்றல் வேண்டும்.

8. தேர்ந்து தெளியும் முறை

விளம்பரத்தை நம்பாது, கடிய காசுகள் சிலவற்றைக் கொண்டு மென்பொருளை உரைத்துப் பார்த்தல் தக்கது. பெருவழுதிக் காசு ஒன்று. மாக்கோதைக் காசு ஒன்று. இருமொழிச் சாதவாகனர் காசு ஒன்று. நாகரி பொறித்த இராசராசன் காசு ஒன்று. வெட்டுத் தழும்புடைய உரோமக் காசு ஒன்று. எழுத்து யாதும் புலப்படாத தேய்ந்த செப்புக் காசு ஒன்று. இவ்வாறினையும், காசுகள் கையில் இல்லையாயின் அவற்றின் வெளியிடப்பட்ட படங்களைக் கொண்டு, பதிதல் வேண்டும். ஒவ்வொன்றற்கும் இரு படிப்புகள் இடுக, பின் கோதை எனத் தேடுக, அகரவரிசைப்படுத்துக, அனைத்தையும் வெளியே எடுத்து, வேறொரு கணிப்பொறியில் வேறொரு மென்பொருளில் திறந்து, ஒன்றும் குறையாது வந்ததா என ஒப்புநோக்குக. பின்னதில் தவறுவது முன்னவற்றில் வென்றாலும் தள்ளுக.

ஆறாவது காசு தனியே குறிப்பிடத்தக்கது. ஒன்றும் அறியப்படாத காசினையும் பதிய விடுவதே நேர்மையான மென்பொருள். அரசன், காலம், மொழி அனைத்தும் வெறுமையாக இருக்கவும் பதிவு நிறைவுறல் வேண்டும். அன்றேல் பதிவாளர் ஊகத்தால் கட்டத்தை நிரப்புவர். ஊகம் நாளடைவில் வரலாறாகும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சில நூறு காசுகளைத் தனியொருவர் பதியும் இடத்து இணைத்த விரிதாளோ ஓப்பன் நியூமிசுமேட்டோ போதும் என்பதும், பலர் கூடிப் பதிந்து பல்லாண்டு பேணும் துறைக்குக் கலெக்டிவ் ஆக்சஸ் போல்வது ஏற்றது என்பதும், வெளியீட்டு நிலையில் நியூமிசேரை நாடலாம் என்பதும் பெறப்படும். ஆயினும் மென்பொருளைத் திறக்குமுன் புலங்களைத் தாளில் வகுத்து, எது காட்சி, எது கருத்து எனத் துறையினர் ஒருங்கிருந்து முடிவு செய்தலே முதற்பணி. அப்பணியை எம்மென்பொருளும் நமக்காகச் செய்யாது. காசில் உள்ளதையும் காசைப் பற்றி நாம் கருதுவதையும் வேறுபிரித்து வைக்கும் அடைவே, நாளை வரும் ஆய்வாளர் நம்மை மறுத்துரைத்தற்கும் வழிவிடும். அவ்வழியை விட்டுவைக்கும் அடைவே ஆய்வடைவு என்பது எம் துணிபு.